கிளிப்லெஸ் பெடலோடு மலை மிதிவண்டியில் தாவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலைப் பூட்டாத தட்டைப் பெடலில் தாவப் பழகியவர், ஷூவைத் தன்னோடு பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலுக்கு மாறும்போதும், கிளிப்லெஸ் பெடலில் பல ஆண்டுகள் ஓட்டியவர் முதன்முதலாக ஒரு மண்மேட்டிலிருந்து தாவ முனையும்போதும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தான் எழுகின்றன. அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஷூவின் அடியில் மாட்டும் சிறு பூட்டுத்துண்டான கிளீட் இருப்பது காலைப் பெடலின்மேல் வைத்திருப்பதற்காக மட்டுமே, அதைப் பிடித்து வண்டியைத் தூக்குவதற்காக அன்று என்பது என் உறுதியான கருத்து. பின்வரும் விடைகளில் பெரும்பாலானவை அந்தக் கருத்திலிருந்து பிறந்தவை.

கால் பெடலோடு பூட்டிக்கொள்கிறதே, பிறகு ஏன் ‘கிளிப்லெஸ்’ என்கிறார்கள்?

முற்காலப் பந்தய மிதிவண்டிகளில் பெடலின் முன்புறம் ஒரு கம்பிக் கூண்டும் தோல்வாரும் இருக்கும். பாதத்தின் நுனியை அதற்குள் நுழைத்து வாரை இழுத்து இறுக்குவார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் ‘டோ கிளிப்’ என்று பெயர். பனிச்சறுக்குக் காலணிகளைப் பூட்டும் கருவிகளைச் செய்துவந்த லுக் நிறுவனம் அதே உத்தியை 1984-இல் பெடலுக்குக் கொண்டுவந்தபோது கூண்டுக்குத் தேவையில்லாமல் போயிற்று. கூண்டில்லாத பெடல் என்ற பொருளில் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மறு ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸை வென்றார். மண்பாதைக்கு ஏற்ற, ஷூவின் அடிக்குழிக்குள் அடங்கும் சிறிய உலோகக் கிளீட்டைக் கொண்ட எஸ்.பி.டி. முறையை ஷிமானோ 1990-இல் வெளியிட்டது.

இயங்கும் விதம் எளிமையானது. ஷூவின் அடியில் இரண்டு போல்ட்டுகளால் பொருத்திய கிளீட்டின் முன்முனையைப் பெடலில் நுழைத்து மிதித்தால், பின்புறமுள்ள ஸ்பிரிங் தாழ்ப்பாள் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் அந்தத் தாழ்ப்பாள் விலகிக் கால் விடுபடும். நேர் மேலே எவ்வளவு இழுத்தாலும் வழக்கமான கிளீட் விடுபடாது. தாவுவதைப் பொறுத்தவரை இதன் நன்மையும் தீமையும் இந்த ஒரே குணத்தில்தான் அடங்கியிருக்கின்றன.

கால் பூட்டப்பட்ட நிலையில் காற்றில் எழும்புவது ஆபத்தில்லையா?

ஆபத்து உண்டு. ஆனால் பலரும் அஞ்சும் இடத்தில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. காற்றில் இருக்கும்போது கால் பெடலோடு இருப்பது பெரும்பாலும் நன்மையே. தட்டைப் பெடலில் தாவுகிறவரின் கால் நடுவானில் நழுவினால், இறங்கும்போது பெடலின் ஊசிகள் கெண்டைக்காலையோ கணைக்காலின் முன்புறத்தையோ கிழிக்கும், உடலின் எடை முழுவதும் கைகளுக்கும் இருக்கைக்கும் போய்விடும். கரடுமுரடான பாதையில் வேகமாக வந்து தாவும்போது கால் இடம் மாறாமல் இருப்பது உண்மையான பாதுகாப்பு.

ஆபத்து வேறு மூன்று இடங்களில் காத்திருக்கிறது. ஏறுதளத்துக்கு, அதாவது காற்றில் எழுவதற்காக ஏறும் மண்சரிவுக்கு, முன் தயங்கி நின்றுவிட்டு, காலைக் கழற்ற நினைவு வராமல் பக்கவாட்டில் சாய்வது முதலாவது. தாவல் தவறிவிட்டது என்று தெரிந்த பிறகு வண்டியைத் தள்ளிவிட்டுத் தனியே இறங்க முடியாமல் அதோடு சேர்ந்தே விழுவது இரண்டாவது. மூன்றாவது, எதிர்பாராத நொடியில் ஒரு கால் மட்டும் கழன்றுகொள்வது. இந்த மூன்றும் கருவியை முறையாகப் பொருத்துவதாலும் பயிற்சியாலும் பெருமளவு குறைக்கக்கூடியவை. முற்றிலும் நீக்கக்கூடியவை அல்ல.

நான் எந்தப் பெடலில் தாவக் கற்றுக்கொள்ள வேண்டும்?

தட்டைப் பெடலில். இதில் எனக்குச் சற்றும் தயக்கமில்லை. ஏற்கெனவே பல ஆண்டுகள் கிளிப்லெஸ் பெடலில் ஓட்டியவராக இருந்தாலும், தாவக் கற்கும் சில மாதங்களுக்காவது ஊசிகள் நன்றாகப் பிடிக்கும் தட்டைப் பெடலையும் மிருதுவான ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூவையும் பயன்படுத்துங்கள்.

காரணம் இதுதான். தட்டைப் பெடலில் தவறான முறையில் தாவினால் வண்டி காலைவிட்டு விலகி உடனே உங்களுக்குத் தெரிவித்துவிடும். நுனிப்பாதத்தைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, பெடலைப் பின்னோக்கி வாருவதுபோல அழுத்தியபடி முழங்கால்களை மடக்கினால்தான் வண்டி பாதத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும். இந்த அழுத்தத்தைக் கற்காமல் தட்டைப் பெடலில் ஓர் அடி உயரம்கூட ஒழுங்காக எழும்ப முடியாது. கிளிப்லெஸ் பெடலோ உங்கள் தவறை மறைத்துவிடும். சிறிய மேட்டில் அது மறைத்த தவறு பெரிய மேட்டில் வெளிப்படும்போது நீங்கள் உயரத்தில் இருப்பீர்கள்.

காலால் வண்டியை மேலே இழுத்தால் என்ன கெடுதல்? அதற்குத்தானே இந்தப் பூட்டு?

இந்தக் கேள்விக்கு நீண்ட விடை தேவை, ஏனெனில் கிளிப்லெஸ் பெடலோடு தாவுகிறவர்கள் விழுவதற்கு நான் அறிந்தவரை முதன்மையான காரணம் இதுவே.

ஒழுங்காக அமைந்த ஏறுதளம் உங்களை மேலே எறிவதற்கான வேலையைத் தானே செய்கிறது. அதன் வளைவில் ஏறும்போது கை கால்களைச் சற்று மடக்கி உடலைத் தாழ்த்தி, விளிம்பை நெருங்கும்போது கால்களால் தரையை மிதித்துத் தள்ளுவதுபோல நிமிர்ந்து எழுந்தால் வண்டியும் நீங்களும் ஒரே வளைகோட்டில் பறப்பீர்கள். அதாவது தாவலின் ஆற்றல் கீழ்நோக்கி மிதிப்பதிலிருந்து வருகிறது. விளிம்பில் கால்களை மேலே சுருட்டி இழுப்பவர் அந்த மிதிப்பைக் கைவிட்டுவிடுகிறார். உயரம் குறைகிறது; அதைவிட முக்கியமாக, வண்டியின் சமநிலை கெடுகிறது.

பெடல்கள் வண்டியின் நடுவில் இருக்கின்றன, கைப்பிடியோ முன்னால் இருக்கிறது. கால்களை மட்டும் இழுத்தால் பின்பகுதிதான் வேகமாக எழும்பும். முன்சக்கரம் அதற்கு ஈடாக எழாது. வண்டி மூக்கைக் குனிந்துகொண்டு பறக்கும், முன்சக்கரம் முதலில் தரையைத் தொடும், உடல் கைப்பிடியின்மேல் கவியும். இரண்டு கால்களும் ஒரே அளவில் இழுக்காவிட்டால் வண்டி பக்கவாட்டிலும் சாயத் தொடங்கும். உடல் விறைத்து, வண்டி தன்போக்கில் திரும்ப, ஓட்டுபவர் ஒன்றும் செய்ய இயலாமல் மிதந்து வரும் அந்த நிலையைத் தாவுகிறவர்கள் ‘டெட் செய்லர்’ என்று சொல்வார்கள். விளிம்பில் மிதித்து எழாமல் வெறுமனே உட்கார்ந்து போனவருக்கும் அதே கதி நேரும்.

நீங்கள் இழுக்கிறீர்களா இல்லையா என்பதைக் கண்டறிய ஓர் எளிய வழி இருக்கிறது. காற்றில் இருக்கும்போது ஷூவின் மேற்பகுதி, அதாவது நாக்கும் வாரும் அமரும் இடம், உங்கள் புறங்காலை அழுத்துகிறதா என்று கவனியுங்கள். அழுத்தினால் வண்டியின் எடை ஷூவில் தொங்குகிறது என்று பொருள். சரியாகத் தாவும்போது உள்ளங்கால்தான் பெடலை உணரும், புறங்கால் எதையும் உணராது. இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். மறுநாளே வேறுபாடு தெரிந்தது என்று பெரும்பாலோர் கூறினார்கள்.

ஸ்பிரிங் இறுக்கத்தை எவ்வளவு வைக்க வேண்டும்?

எஸ்.பி.டி. வகைப் பெடல்களில் பெரும்பாலானவற்றில் தாழ்ப்பாளுக்கு அருகே ஒரு சிறிய திருகு இருக்கும். ஆலன் கீயால் அதைக் கூட்டல் குறியின் பக்கம் திருப்பினால் இறுக்கம் கூடும், கழித்தல் குறியின் பக்கம் திருப்பினால் குறையும். ஒவ்வொரு படிக்கும் ஒரு மெல்லிய சொடுக்கு கேட்கும். இரு பெடல்களிலும் இரு பக்கங்களிலும் உள்ள நான்கு திருகுகளையும் முதலில் மிகத் தளர்வான நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே எண்ணிக்கையிலான சொடுக்குகளால் இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக இருந்தால், அவசரத்தில் எந்தக் கால் எப்படி விடுபடும் என்று உடலுக்குத் தெரியாமல் போகும்.

கழற்றப் பழகும் நாட்களில் தளர்வாகவே வைத்திருங்கள். ஆனால் அதே தளர்ச்சியோடு தாவப் போகாதீர்கள். காற்றில் அஞ்சும்போது முழங்கால்கள் விரிவதும் குதிகால்கள் திரும்புவதும் இயல்பு. மிகத் தளர்வான ஸ்பிரிங் அந்தச் சிறு திருப்பத்துக்கே விட்டுவிடும். தரையில் உறுதியாகத் திருப்பினால் ஒரே முயற்சியில் கழலவும் வேண்டும், உடலை இருபுறமும் அசைத்து ஓட்டினால் கழலாமல் இருக்கவும் வேண்டும். அந்த இடைநிலையை நீங்களே சோதித்துக் கண்டுகொள்ள வேண்டும். ஒருவருக்குப் பொருந்திய எண்ணிக்கை இன்னொருவருக்குப் பொருந்தாது. உடல் எடை, ஷூ, கிளீட்டின் தேய்மானம் எல்லாம் இதில் சேர்கின்றன.

எந்தக் கிளீட் தாவுவதற்கு ஏற்றது?

ஷிமானோவில் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கின்றன. எஸ்.எச் 51 என்பது குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடுபடும். எஸ்.எச் 56 என்பது பல திசைகளிலும் விடுபடும். பலமாக மேலே இழுத்தாலும் கழன்றுவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் ‘எளிதில் கழலுமே’ என்று இரண்டாவதை வாங்கி அதோடு தாவவும் செய்கிறார்கள். அதை நான் வன்மையாக மறுக்கிறேன். எதிர்பாராமல் கழலக்கூடும் என்பதால் தாவல் போன்றவற்றுக்கு அந்தக் கிளீட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளரின் கையேடே எச்சரிக்கிறது. சாதாரணப் பாதையில் பழக அது நல்ல கிளீட், ஆனால் மேட்டுக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள்.

இன்னொரு தயாரிப்பாளரான கிராங்க்பிரதர்ஸின் பெடல்களில் இறுக்கத்தை மாற்றும் திருகு இல்லை. அவற்றின் வழக்கமான பித்தளைக் கிளீட்டை வலது இடது மாற்றிப் பொருத்துவதன்மூலம் விடுபடும் கோணத்தை 15 அல்லது 20 பாகை என்று தேர்ந்தெடுக்கலாம். தாவுகிறவர்களுக்கு 20 பாகை கூடுதல் நம்பிக்கை தரும். ஆனால் கழற்றும் பழக்கம் கைவந்த பிறகே அதற்குப் போக வேண்டும். பித்தளை, எஃகைவிட விரைவில் தேயும் என்பதையும் நினைவில் வையுங்கள். முனை உருண்டு போன கிளீட் எப்போது விடும் என்று சொல்ல முடியாது.

கிளீட்டை ஷூவில் எந்த இடத்தில் பொருத்துவது?

நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்கள் பெருவிரலின் அடிமூட்டுக்கு நேர் கீழே பெடலின் அச்சு வருமாறு பொருத்துவது வழக்கம். தாவுவதற்கு அதைவிடப் பின்னால், குதிகாலை நோக்கி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை தள்ளிப் பொருத்துங்கள். பல ஷூக்களில் இதற்காக வெட்டிய நீண்ட பள்ளத்தின் கடைசிவரை தள்ளினாலும் தவறில்லை. கிளீட் முன்னால் இருந்தால் இறங்கும்போது பாதம் ஒரு நெம்புகோலாகி, அதிர்ச்சி முழுவதையும் கெண்டைத்தசையும் கணுக்காலும் தாங்க வேண்டியிருக்கும்; தசை தளர்ந்ததும் குதிகால் சடாரெனக் கீழிறங்கும். பின்னால் தள்ளிய கிளீட்டில் உடல் எடை பாதத்தின் நடுவுக்கு அருகே அமர்வதால் கணுக்கால் நிலையாக இருக்கும்.

கோணத்தைப் பொறுத்தவரை, ஒரு மேசையின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தளர்வாகத் தொங்கவிட்டால் உங்கள் பாதங்கள் இயல்பாக எந்தப் பக்கம் நோக்குகின்றன என்று தெரியும். அந்தக் கோணமே ஃபுளோட்டின், அதாவது கழலாமல் பாதம் இருபுறமும் அசையக்கூடிய இடத்தின், நடுவில் வர வேண்டும். ஃபுளோட்டின் ஓர் ஓரத்திலேயே பாதம் எப்போதும் நின்றால் இரண்டு தொல்லைகள் வரும்: முழங்கால் வலிக்கும், காற்றில் சிறிது திரும்பினாலே கால் கழலும்.

ஷூவும் பெடலும் எப்படி இருக்க வேண்டும்?

சிறிய பந்தயப் பெடலைவிட, பூட்டும் பகுதியைச் சுற்றி அகலமான மேடை உள்ள பெடல் தாவுவதற்கு நல்லது. கால் கழன்றுவிட்டாலும், அவசரமாக மாட்ட முடியாமல் போனாலும், மிதிக்க ஓர் இடம் இருக்கும். ஷூவின் அடிப்பாகம் அந்த மேடையை மெல்லத் தொட வேண்டும். தொடாவிட்டால் கால் கிளீட்டின்மேல் மட்டும் நின்று தள்ளாடும். அளவுக்கு மீறி அழுத்தினால் கழற்றவே சிரமமாகிவிடும். ஷூவின் ரப்பர்க் கட்டைகள் தடுத்தால் கூரிய கத்தியால் சிறிது சிறிதாகச் செதுக்கலாம், இடைவெளி அதிகமானால் பெடலின் ஊசிகளை உயர்த்தலாம். மாட்டிய பிறகு கையால் ஷூவைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து இதைச் சரிசெய்வது எளிது.

ஈரமண்ணில் நடந்துவிட்டு வந்தால் கிளீட்டின் குழிக்குள் மண் அடைத்துக்கொள்ளும். அப்போது ‘டக்’ என்ற ஒலி மழுங்கலாகக் கேட்கும் அல்லது கேட்கவே கேட்காது. அந்த ஒலி தெளிவாக வராத காலோடு ஏறுதளத்தை நோக்கிப் போகாதீர்கள். பாதி பூட்டிய கிளீட், பூட்டாததைவிடக் கேடானது.

கழற்றும் பழக்கத்தை எப்படிக் கைவரச் செய்வது?

சுவரையோ கம்பத்தையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் ஐம்பது முறை மாட்டிக் கழற்றுங்கள். பிறகு புல்தரையில் மெதுவாக ஓட்டிக்கொண்டே செய்யுங்கள். பிறகு யாராவது திடீரெனக் குரல் கொடுக்கும்போது பிரேக் பிடித்து நிற்கப் பழகுங்கள். இதுவரை எல்லாரும் சொல்வதுதான். பெரும்பாலோர் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது: பழகும்போது பெடல் கீழே இருக்கும் நிலையிலேயே கழற்றிப் பழகுகிறார்கள், அது எளிது என்பதால். தாவும்போதோ இரு பெடல்களும் தரைக்கு இணையாக, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருக்கும். ஆகவே நின்ற நிலையில், பெடல்களைச் சமமாக வைத்து, உடல் எடை முழுவதும் கால்களில் இருக்கும்போது முன்காலையும் பின்காலையும் தனித்தனியாகக் கழற்றிப் பழக வேண்டும். அடுத்து இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டும். இரு குதிகால்களையும் ஒரே சமயத்தில் வெளியே வீசும் அந்த அசைவு முதலில் விந்தையாக இருக்கும், சில நாட்களில் இயல்பாகிவிடும்.

‘கழற்ற வேண்டும்’ என்று மனத்தில் சொல்லிக்கொண்டு கழற்றும் நிலையில் இருக்கும்வரை நீங்கள் தாவத் தயாராகவில்லை. நிற்கப்போகும் நொடியில் கால் தானே வெளியே வந்திருக்க வேண்டும்.

முதல்முறை மாட்டிக்கொண்டு தாவும்போது எங்கே தொடங்குவது?

தட்டைப் பெடலில் நீங்கள் சலிக்கும் அளவுக்குத் தாவிய ஒரு சிறிய டேபிள்டாப்பில் தொடங்குங்கள். ஏறுதளத்துக்கும் இறங்குசரிவுக்கும் இடையில் மண் நிரப்பிச் சமதளமாக்கிய மேடுதான் டேபிள்டாப். தூரம் குறைந்துபோனாலும் அந்தச் சமதளத்தில் இறங்கி உருண்டுவிடலாம். நடுவில் பள்ளம் உள்ள இடைவெளித் தாவலில் இந்த மன்னிப்புக் கிடையாது. புதிய பெடல், புதிய ஷூ, புதிய மேடு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.

முதலில் தாவாமல் மேட்டின்மேல் உருண்டு செல்லுங்கள். பிறகு சற்று வேகத்தோடு, மிதித்து எழும் அசைவை மட்டும் செய்து சில அங்குலங்கள் மேலெழும்புங்கள். இருக்கையை முழுவதும் தாழ்த்தி வைத்திருங்கள். உயர்ந்த இருக்கை ஏறுதளத்தின் விளிம்பில் உங்களைப் பின்னாலிருந்து உதைத்து முன்னே எறியும். ஏறுதளத்துக்குப் பல மீட்டர் முன்பே இரு கால்களும் பூட்டியிருக்க வேண்டும். ஒரு கால் இன்னும் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த முறையைக் கைவிட்டு விலகிச் சென்று திரும்பி வாருங்கள்.

இறங்கும்போது குதிகால்களைச் சற்றுத் தாழ்த்துங்கள். தட்டைப் பெடல்காரர்கள் கால் நழுவாமல் இருக்க இதைத் தாமாகவே செய்வார்கள். கால் பூட்டியிருப்பதால் கிளிப்லெஸ்காரர்கள் இதை மறந்து நுனிக்காலில் இறங்குகிறார்கள், அப்போது அதிர்ச்சி உடலைக் கைப்பிடியின்மேல் தள்ளுகிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 16 கி.மீ வேகத்தில் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். சரிவில் இறங்கினால் அந்த வேகத்தில் பெரும்பகுதி முன்னோக்கிய ஓட்டமாக மாறும், சமதரையில் இறங்கினால் முழுவதையும் உங்கள் மூட்டுகளும் சஸ்பென்ஷனும்தான் விழுங்க வேண்டும்.

ஏறுதளத்துக்கு முன் மனம் மாறினால் என்ன செய்வது?

மாறட்டும், அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் முடிவைப் பாதியில் விடாதீர்கள். விளிம்புக்கு நன்கு முன்பே நிமிர்ந்து, பிரேக் பிடித்து, வழக்கமாகக் கழற்றும் காலை வண்டி நிற்பதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். சரிவான ஓடுபாதையில் நிற்க நேர்ந்தால் மேட்டுப்பக்கம் உள்ள காலையே ஊன்றுங்கள். பள்ளப்பக்கம் ஊன்றினால் கால் தரையை எட்டாது. விளிம்பிலேயே வந்து பிரேக் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. அந்த இடத்துக்கு வந்துவிட்டால் பிரேக்கைத் தொடாமல் மிதித்து எழுவதே பாதுகாப்பு.

காற்றில் ஒரு கால் கழன்றுவிட்டால்?

மீண்டும் மாட்ட முயலாதீர்கள். அரை விநாடி காற்றில் இருக்கும் தாவலில் நீங்கள் எழும் உயரம் ஏறத்தாழ 30 செ.மீ, முழு ஒரு விநாடி என்றால் 1.2 மீட்டருக்கும் மேல். பெரும்பாலோர் தாவும் மேடுகளில் உங்களுக்குக் கிடைப்பது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரமே. கிளீட்டின் முனையைத் தேடிப் பொருத்த அது போதாது, கீழே குனிந்து பார்த்தால் உடலும் குனியும். பாதத்தின் நடுப்பகுதியைப் பெடலின் மேடைமேல் வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் அந்தக் காலைச் சக்கரத்திலிருந்து விலக்கிப் பிடியுங்கள். பூட்டிய கால் தன் பெடலோடு கீழ்நிலைக்கு வரட்டும், முழங்காலை மடக்கி அந்தக் கால்மேல் எடையைத் தாங்குங்கள். கண் இறங்குசரிவின் முடிவைப் பார்க்கட்டும். இறங்கிய உடனே பிரேக் பிடிக்காமல், வண்டி நிலைப்பட்ட பிறகு மெல்லப் பிடியுங்கள்.

தாவல் கைமீறிவிட்டது என்று தெரிந்தால் வண்டியை விட்டுவிட முடியுமா?

முடியும், ஆனால் தட்டைப் பெடலில் முடிவதுபோல எளிதாக அன்று. இரு குதிகால்களையும் ஒருசேரத் திருப்பும் பயிற்சி இதற்காகவே. கைப்பிடியைத் தள்ளிவிட்டு வண்டியிலிருந்து விலகிய பிறகு, ஓடிக்கொண்டே இறங்கவோ உருளவோ முயல வேண்டும். பலமாக விழும்போது ஏற்படும் முறுக்கில் கிளீட்டுகள் பெரும்பாலும் தாமே கழன்றுவிடும் என்பது உண்மை. அதை நம்பித் திட்டமிடுவது தவறு. என் கணிப்பில், சிறிய பிழை என்றால் கிளிப்லெஸ்காரர் வண்டியோடு இருந்து அதைச் சரிசெய்ய முயல்வதே மேல். வண்டியை எறிந்துவிட்டுப் போகும் வாய்ப்பு அடிக்கடி தேவைப்படும் மேடுகளுக்கு, புதிய வித்தைகளைப் பழகும் நாட்களுக்கு, தட்டைப் பெடலை மாட்டிச் செல்லுங்கள். பெடலை மாற்றச் சில நிமிடங்கள்தான் ஆகும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் திரும்பும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

சஸ்பென்ஷனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பின்புற ஷாக்கின் ரீபவுண்டு, அதாவது அமுங்கிய ஷாக் மீண்டும் விரிவது, மிக வேகமாக இருந்தால் விளிம்பில் அது வண்டியின் பின்பகுதியை உதைத்து எழுப்பும். தட்டைப் பெடலில் கால் பெடலைவிட்டு எழுவதால் அது உடனே தெரியும். பூட்டிய காலில் அந்த உதை நேரே உடலுக்கு வந்து முன்னே கவிழ்க்கும். தட்டைப் பெடலில் வைத்த அமைப்போடு கிளிப்லெஸ்ஸுக்கு மாறிய பிறகு வண்டி மூக்குக் குனிவதாகத் தோன்றினால், காலால் இழுக்கிறோமா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ரீபவுண்டை ஒரு சொடுக்கு மெதுவாக்கிப் பாருங்கள்.

பந்தய வீரர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள்?

இரண்டையும். மலையிறக்கப் பந்தயங்களிலும், சிறிய சக்கர வண்டிகளில் ஓடும் பி.எம்.எக்ஸ் பந்தயங்களிலும் பெரும்பாலோர் கிளிப்லெஸ்ஸில் ஓட்டுகிறார்கள். ஆனால் ஆஸ்திரேலியரான சாம் ஹில் தட்டைப் பெடலிலேயே 2006, 2007, 2010 ஆண்டுகளில் மலையிறக்க உலகப் பட்டத்தையும், 2017 முதல் 2019 வரை தொடர்ந்து மூன்று முறை, இறக்கங்களில் நேரம் கணக்கிடும் என்டியூரோ உலகத் தொடரையும் வென்றார். காற்றில் காலை எடுத்து வித்தை காட்டும் பி.எம்.எக்ஸ் ஃப்ரீஸ்டைல், ஸ்லோப்ஸ்டைல் போன்றவற்றில் தட்டைப் பெடலே வழக்கம். எது வேகம் என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. எந்தப் பெடலில் நீங்கள் அஞ்சாமல் மிதித்து எழுகிறீர்களோ அதுவே அன்றைக்கு உங்களுக்குரியது.

குழந்தைகளுக்குக் கிளிப்லெஸ் பொருத்தலாமா?

தாவுவதற்கு வேண்டாம். அவர்கள் தடுமாறும்போது காலை ஊன்றித்தான் கற்கிறார்கள்.

திருப்பியும் கால் கழலவில்லை. என்ன காரணமாக இருக்கும்?

சேறு, ஷூவின் ரப்பர் உரசல், துருப்பிடித்த ஸ்பிரிங் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் நான் நேரில் பட்ட ஒன்றைச் சொல்கிறேன், ஏனெனில் அது வெளியே தெரியாத பிழை.

ஒருநாள் பழகிய டேபிள்டாப்பில் பலமுறை தாவிவிட்டு, மேலே ஏறிவந்து நிற்பதற்காக வலது குதிகாலைத் திருப்பினேன். ஷூ திரும்பியது, கால் வரவில்லை. மீண்டும் திருப்பினேன்; ஷூ முன்னைவிட அதிகமாக, ஏறக்குறைய குறுக்காகவே திரும்பியது. பெடல் விடவில்லை. மரம் சாய்வதுபோல வலப்பக்கம் விழுந்து மணிக்கட்டு வீங்கியது. வண்டி மேலே கிடக்க, ஷூவின் வாரை அவிழ்த்துக் காலை மட்டும் வெளியே எடுத்த பிறகுதான் அடிப்பாகத்தைப் பார்க்க முடிந்தது. கிளீட்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றைக் காணோம். மீதமிருந்த ஒற்றைப் போல்ட் ஒரு கீல்போல ஆகி, ஷூ அதைச் சுற்றித் திரும்பியதே தவிர, கிளீட் பெடலுக்குள் அசையாமல் இருந்தது. போல்ட் இருந்த துளையில் மண் இறுகிப்போயிருந்தது; அது அன்றைக்கு விழுந்ததில்லை என்பதற்கு அதுவே சான்று. அந்த நிலையில்தான் காலையிலிருந்து தாவிக்கொண்டிருந்தேன் என்பதை எண்ணும்போது இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது.

அதற்குப் பிறகு கிளீட் போல்ட்டுகளின் மரையில் கிரீஸோ மரை ஒட்டும் பசையோ இடாமல் பொருத்துவதில்லை. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குகிறேன். புதிய ஷூவின் அடிப்பாகம் முதல் சில ஓட்டங்களில் சற்று அமுங்கும், அதனால் போல்ட் தளரும். ஆகவே முதல் ஓட்டத்துக்குப் பின் மறுபடியும் இறுக்க வேண்டும். போல்ட்டின் தலையிலிருந்து கிளீட்வரை வண்ணப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவைத்தால், கோடு உடைந்திருப்பதைப் பார்த்தே தளர்ச்சியை அறியலாம். தாவச் செல்லும் நாளில் ஷூவை மாட்டும் முன் அதைக் கவிழ்த்துப் பார்க்கச் சில நொடிகள் போதும்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், ஓடும்போதே உணர்ந்தால் மறுகாலைக் கழற்றி அந்தப் பக்கம் சாய்ந்து நில்லுங்கள். பிறகு ஷூவிலிருந்து காலை எடுத்துவிட்டு, பெடலில் மாட்டியிருக்கும் ஷூவைத் தனியே கையாளுங்கள்: ஸ்பிரிங் திருகை முழுவதும் தளர்த்தி, கிளீட்டின் பின்முனைக்கும் தாழ்ப்பாளுக்கும் இடையில் ஒரு தட்டையான திருப்புளியை நுழைத்து நெம்பினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் ஷூ பெடலிலேயே இருக்கட்டும். வண்டியை உருட்டிக்கொண்டு திரும்புங்கள்.